முதல் சால்

சித்திரை 6

இந்த டைரி உரக்கடையில் சும்மா கொடுத்தது. தை மாதத்திலிருந்து அலமாரியில் கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மங்கத்தாய். சாப்பிடும்போது பேச்சை ஆரம்பித்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கல்யாணமான நாள்லருந்து இதே பேச்சுத்தான். இனிமே அந்த மனுசனப் பத்தி எங்கிட்டப் பேசாதீக. வயித்தெரிச்சல எதுலயாவது எழுதி வச்சுக்கிடுங்க" என்றாள்.

வயிற்றெரிச்சலாம். எனக்கு. எழுபத்தொரு வயதில்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று எங்கள் சூரங்குண்டில் பொன்னேர். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து, ஊர் மொத்தமும் பொதுக் காட்டில் கூடி, அந்த வருடத்தின் முதல் உழவை ஓட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது எல்லோரிடமும் டிராக்டர்தான். ஆனாலும் முதல் சால், அதாவது மண்ணில் ஏர் கீறுகிற முதல் கோடு, மாடு பூட்டிய ஏரால்தான் விழ வேண்டும். அதை ஒட்டித்தான் மற்றவர்கள் ஓட்டுவார்கள். அந்த முதல் சால், என் மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே, ரெங்கப்பன் அண்ணாச்சிக்குத்தான். அவருக்கு வயது எண்பத்து மூன்று. என் காட்டுக்கு வடக்குக் காடு அவருடையது. என் வீட்டுக்கு எதிர்வீடும் அவருடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்தான் நிற்கிறார்.

நான் எப்போதும் இரண்டாவது.

இன்று அவர் ஏர் ஓட்டியதைப் பார்க்க வேண்டுமே! கீழே பார்ப்பதே இல்லை. முகத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, மேழியை ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு போகிறார். திமிர். சால் மட்டும் நேராக விழுந்து தொலைக்கிறது.

முடிந்ததும் ஊர்த் தலைவர் சவுந்தரராஜிடம் சொன்னார்: "அடுத்த வருசம் வேற ஆள் ஓட்டட்டும்ப்பா. யாருன்னு அன்னைக்குச் சொல்லுதேன்."

ஓட்டுகிறவர் விலகினால், தன் சாட்டைக்கம்பைத் தனக்குப் பிடித்தவர் கையில் கொடுக்க வேண்டும். அதுதான் முறை. வயதுப்படி அடுத்தது நான். அந்தக் கம்பு என் கைக்கு வர வேண்டும். இதை மங்கத்தாயிடம்கூட நான் சொன்னதில்லை.

சித்திரை 19

டீக்கடையில் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கையை மட்டும் நீட்டுகிறார். கடைக்காரர் ஓடி வந்து கிளாஸை அந்தக் கைக்குள் வைக்க வேண்டும். ராஜா அல்லவா. நான் எதிரே போய் நின்று கும்பிட்டேன். நேராக என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பதிலுக்கு ஒரு தலையசைப்புக்கூட இல்லை. பொறுக்க முடியாமல், "என்ன அண்ணாச்சி" என்றேன். உடனே சிரிப்பு. "அடடே, சீனியா! வாடே, உக்காரு" என்கிறார்.

நாலு பேர் பார்க்கக் கும்பிட்டவனை நிற்க வைத்துவிட்டு அப்புறம் என்ன வாடே?

வைகாசி 11

பெரியவருக்குச் சால்வை போட்டார்கள். வட்டாரத்தின் மூத்த விவசாயியாம். வேளாண்மை அலுவலர் வந்து, பள்ளிக்கூட வாசலில் பந்தல் போட்டு, மைக்கில் அவருடைய வாழ்க்கையை வாசித்தார்.

பன்னிரண்டு வயதில் அப்பா இறந்ததும் ஏர் பிடித்தாராம். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா உயிரோடு இருந்தார், அது என் தப்பா? பெரும் பஞ்சத்தில் ஊர் மொத்தமும் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்கும் மதுரைக்கும் பிழைக்கப் போனபோது, இவர் ஒருவர் மட்டும் இங்கேயே கிடந்து ஊருணியைத் தூர் வாரினாராம். விதைக்கான கம்புத் தானியத்தைச் சாம்பலில் புரட்டிப் பானையில் வைத்துக் காப்பாற்றி, மழை விழுந்து எல்லோரும் திரும்பி வந்ததும் வீட்டுக்கு ஒரு படி அளந்தாராம். கூட்டம் கைதட்டியது.

அளந்து வாங்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். அந்தக் கம்பு விளைந்துதான் அந்த வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றைக்கும் கூழைக் கையில் எடுத்தால் அவர் முகம் வந்து நிற்கிறது. ஒருவன் நிம்மதியாகக் கூழ் குடிக்க முடிகிறதா?

மனைவி நாச்சியார் இறந்த மறுநாளே களையெடுக்கப் போனவர் என்று வாசித்தார் அலுவலர். தப்பு. மூன்றாம் நாள்தான் போனார். போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, அதற்கப்புறம்தான் குனிந்தார். நான் என் காட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சான்றிதழ் கொடுத்தபோதும் அதே கதைதான். அலுவலர் நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவர் கை அசையவில்லை. அவரே கையைப் பிடித்து அதில் திணிக்க வேண்டியிருந்தது. கொடுப்பதை வாங்கக்கூடக் கை வராது போலிருக்கிறது.

எண்பத்து மூன்று வயதில் பல் ஒன்றுகூட விழவில்லை. போட்டோவில் அந்தச் சிரிப்புதான் தெரியும். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னுடையது கட்டின பல்.

ஆடி 14

அவர் ஏரில் இடது பக்கம் பூட்டும் மாடு, அந்தக் கிழட்டுச் செவலை, செத்துப்போயிற்று. ஊரே துக்கம் கேட்கப் போனது. மனிதர்கள் செத்தால்கூட இத்தனை கூட்டம் வருவதில்லை. மங்கத்தாய் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். "சின்னப் பிள்ளையாட்டம் கொம்பப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் பழைய டிராக்டரைப் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போன அன்று என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆவணி 3

சந்தையில் புது மாடு வாங்கி வந்திருக்கிறார். சாம்பல் நிற மயிலை. இளசு. மிரளுகிறது. அந்த வயதில் எதற்கு இந்த மாடு? மகள் கோயம்புத்தூரிலிருந்து வந்து, தன்னோடு வந்துவிடச் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். இவர் அசையவில்லை.

அசைந்திருந்தால் வருகிற சித்திரையைப் பற்றி நான் யோசிக்கவே வேண்டாம்.

புரட்டாசி 9

எங்கள் கரிசலில் மழைக்கு முன்னாலேயே காய்ந்த புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை விழுந்துவிட்டால் காட்டுக்குள் கால் வைக்க முடியாது, மண் காலோடு வந்துவிடும். ரொம்ப முந்தினால் எறும்பு தின்றுவிடும். இடையில் ஒரு தூறல் விழுந்தால் விதை முளைத்துக் கருகிவிடும். பிந்தினாலோ வருடமே போச்சு. நாள் பார்த்து விதைப்பதில்தான் வெள்ளாமை செய்கிற சம்சாரியின் பேர் இருக்கிறது.

அவர் விதைத்த மறுநாள் நான் விதைப்பேன். அவரைப் பார்த்துக் காப்பி அடிக்கிறேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வருகிறது. அவருக்கு ஒரு நாள் முந்தி வருகிறது, அவ்வளவுதான்.

இன்னும் அவர் விதைக்கவில்லை.

புரட்டாசி 13

இன்றும் விதைக்கவில்லை. மாடு கொட்டத்தில்தான் நிற்கிறது. மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். துணி காயப்போடத்தான் ஏறினேன் என்று மங்கத்தாயிடம் சொன்னேன். "துணி எங்க?" என்றாள்.

புரட்டாசி 18

இல்லை.

புரட்டாசி 21

பொறுத்தது போதும். காலையில் காட்டுக்குப் போய் நின்றேன். நாலு நாளாக அடித்த காற்று நின்றுவிட்டது. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போகிறது. ஒரு கை புழுதியை எடுத்து மோந்து பார்த்தேன். யாரையும் கேட்காமல் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய் மக்காச்சோளத்தை விதைத்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் விதைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானம் என் டிராக்டர் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில், அந்த மனிதர் மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்து, கம்புத் தானியத்தை வீசி விதைத்து, மேலே ஏர் ஓட்டிவிட்டுப் போய்விட்டார்! இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டு இன்றைக்கா? எனக்கென்று ஒரே ஒரு நாள்கூட விட்டு வைக்க மாட்டாரா?

புரட்டாசி 26

மழை. அப்படியொரு மழை. புழுதி குளிரக் குளிரக் குடித்தது.

ஐப்பசி 1

டீக்கடைக்குப் போனவன் டீ குடிக்காமலேயே திரும்பிவிட்டேன்.

"பெரியவரு வெதச்சாரு, மழ வந்துச்சு பாத்தீகளா" என்கிறான் கடைக்காரன். "அவரு கைய வச்சா வானமே கேக்கும்" என்கிறான் இன்னொருவன். நான் காலையில் விதைத்தேன். அவர் மத்தியானம் விதைத்தார். காலை முந்தியா, மத்தியானம் முந்தியா? வாய்விட்டுக் கேட்டேன். சிரித்தார்கள். "அவரு மனசுல நெனச்சது ஒமக்கு முந்தியே தெரிஞ்சிருக்கும் மாமா. மொட்டமாடியிலதான குடியிருக்கீரு" என்றான் கனகராஜ். பெரிய டிராக்டர் வைத்திருக்கிறோம் என்ற கொழுப்பு. சாட்டைக்கம்புக்கு அவனும் கண் வைத்திருக்கிறான் என்று கேள்வி.

ஐப்பசி 16

பிடித்துவிட்டேன்.

பயிர் முழங்கால் உயரம் வந்துவிட்டது. இன்று எல்லையோரம் நடந்து பார்த்தால், என் மக்காச்சோளத்துக்குள் கம்பு நிற்கிறது. எங்கள் காடுகளுக்கு நடுவே வரப்பு கிடையாது. மேற்கே ஒரு கல், கிழக்கே ஒரு கல், நடுவில் கண் பார்வைதான் எல்லை. மேற்குக் கல்லருகே ஒழுங்காக ஆரம்பித்த அவர் விதைப்பு, போகப் போக என் பக்கம் சரிந்து, கிழக்குக் கல்லருகே வரும்போது நல்ல ஆறேழு தப்படி என் காட்டுக்குள் புகுந்திருக்கிறது. நான் விதைத்த மண்ணின் மேலேயே விதைத்து, உழுதும் விட்டிருக்கிறார்!

எண்பத்து மூன்று வயதில் மண்ணாசை. சால்வை போட்டார்களே, இப்போது வந்து பார்க்கட்டும்.

எல்லை தாண்டியவன் கையில் ஊர் முதல் சாலைக் கொடுக்காது. அவன் கை நீட்டிக் கொடுக்கிற சாட்டைக்கம்பையும் வாங்காது. ஊரே கூடி, மூத்தவன் என்று என்னைத்தான் கூப்பிட வேண்டும். நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசி 17

சவுந்தரராஜ் முதலில் நம்பவில்லை. "பெரியப்பாவா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சித்தப்பா. ஊருக்குள்ள சொன்னப்புறம் திருப்பி எடுக்க முடியாது" என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் கல்லருகே கூடி, கயிறு பிடித்துப் பார்ப்பதாக முடிவு.

மங்கத்தாய் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகிறது. சோறு நன்றாக இறங்கியது.

ஐப்பசி 23

நாளை வெள்ளி. இன்றைக்கு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

காலையில் கம்பு புகுந்த இடத்தை அடையாளம் வைக்கக் குச்சிகளோடு போனேன். அவர் வந்தார், மயிலையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு. நான் கிழக்குக் கல்லருகே, நல்ல வெயிலில், வெள்ளை வேட்டியோடு நெட்டுக்குத்தாக நிற்கிறேன். சண்டைக்கு வருகிறார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

எனக்குப் பத்தடி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். களையெடுக்க ஆரம்பித்தார். என்னைப் பார்க்கவே இல்லை. முகம் வழக்கம்போல் மேலே. கைதான் கீழே வேலை செய்தது. ஒவ்வொரு செடியாக விரலால் தடவி, தண்டைத் தொட்டு, இலையை இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்த்து, புல்லாக இருந்தால் பிடுங்கினார். கம்பாக இருந்தால் விட்டார். அப்படியே நகர்ந்து நகர்ந்து வந்தவர் கையில் என் மக்காச்சோளத்தின் அகல இலை சிக்கியது. கை நின்றுவிட்டது. பக்கத்துச் செடியைத் தடவினார். அதுவும் மக்காச்சோளம். இந்தப் பக்கம் தடவினார். கம்பு. திரும்ப மக்காச்சோளம்.

"ஏலே மயில, சீனி காட்டுக்குள்ளயால கொண்டுவந்து விட்டுட்ட?" என்றார் மாட்டிடம். "செவல இருந்தா கல்லத் தாண்டுமா? எந்த எடத்துலடா தப்புனோம்?"

என் கையில் இருந்த குச்சிகளைக் கீழே வைக்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. டீக்கடையில் நீட்டிய கை. சான்றிதழுக்கு நீளாத கை. நான் கும்பிட்டபோது நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்த முகம். மாடு என்னைப் பார்த்துச் சீறியது.

"யாரு?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி."

"சீனியா? எப்ப வந்த?"

"இப்பத்தான்" என்றேன்.

மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு அவரே சொன்னார், வானிலை சொல்வது போல. ரெண்டு வருடமாகவே மங்கிக்கொண்டு வந்ததாம். மதுரையில் காட்டினாராம். நரம்பு செத்துவிட்டது, ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இப்போது வெளிச்சம் தெரியும், கிட்டே வந்தால் நிழலாடும்.

"செவல இருக்குற வரைக்கும் யாருக்கும் தெரியல. அதுக்குக் காட்டோட கணக்கெல்லாம் மனப்பாடம்."

"மகளுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாளா? நாலாவது மாடி சீனி. போய் இருந்து பாத்தேன். அங்க காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியல. வந்த காத்தும் மண்ணு மேல பட்டு வந்த காத்து இல்ல."

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்காவிட்டால் செத்தாலும் என் நெஞ்சு வேகாது. "இந்த வருசம் ஏன் அத்தன நாள் வெதைக்காம இருந்தீக?"

"மேகத்தப் பாக்க முடியாதவன் எத வச்சு வெதைக்க? ஒன் டிராக்டர் சத்தம் கேக்கட்டும்னு உக்காந்திருந்தேன். நீ எடுத்தா சரியா இருக்கும்."

இத்தனை வருடம் இந்த ஒரு வார்த்தைக்காக ஏங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. வந்தது, சந்தோஷப்பட முடியாத ஒரு நாளில் வந்தது. அதற்கும் கோபம் வந்தது எனக்கு.

எழுந்து மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்குக் கூட்டத்துல நாந்தான் தாண்டுனேன்னு ஒத்துக்கிடுதேன். தாண்டுனது தாண்டுனதுதான். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. தலைவரு கல்லக் காட்டச் சொன்னா, நான் எந்தப் பக்கம் கைய நீட்டணும்?"

புகார் கொடுத்தவன் நான். என்னிடம் கேட்கிறார்.

ஐப்பசி 24, காலை

கல் நல்ல கனம். இடுப்பு பிடித்துக்கொண்டது. விடியும்போது நல்லவேளையாக ஒரு தூறல் போட்டது, மண் கிளறிய தடம் மூடிவிட்டது.

ஐப்பசி 24, மாலை

ஊர் கூடியது. கயிறு கட்டினார்கள், மேற்குக் கல்லிலிருந்து கிழக்குக் கல்லுக்கு. கம்பு மொத்தமும் அவர் பக்கம். அதோடு என் மக்காச்சோளமும் ஒரு பட்டை அவர் பக்கம்.

சவுந்தரராஜ் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன சித்தப்பா இது? அவரு எங்க தாண்டுனாரு? ஒங்க சோளம்ல அவரு காட்டுக்குள்ள போயி நிக்கி!"

ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள். காடே சிரித்த மாதிரி இருந்தது. கனகராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவர் மட்டும் சிரிக்கவில்லை. கிழக்குக் கல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் எங்கிருந்து வர வேண்டுமோ அங்கிருந்து வரவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "இல்லப்பா, அந்தக் கல்லு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி!" என்று கத்திவிட்டேன். "எந் தப்புத்தான். வயசாச்சு, பார்வ பத்தல. கல்லச் சரியாப் பாக்காம வாய விட்டுட்டேன்."

ஊர் நடுவில் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேட்டேன். இந்தத் தடவை என் குரல் கேட்டது அவருக்கு. அவரும் கும்பிட்டார், கொஞ்சம் தள்ளி, காற்றைப் பார்த்து. நான் இரண்டு எட்டு நகர்ந்து அந்தக் கும்பிடுக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன்.

எல்லைக்கல்லைப் பிடுங்குவது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்த குற்றம். நான் பிடுங்கி நட்டிருக்கிறேன். அடுத்தவன் நிலத்தில் அல்ல, என் நிலத்துக்குள்ளேயே ஆறேழு தப்படி தள்ளி. இப்படி ஒரு கிறுக்கனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சாட்டைக்கம்பு இந்த ஜென்மத்தில் எனக்கில்லை. எல்லை தெரியாதவன் எப்படி முதல் சால் போடுவான் என்று சாயங்காலமே டீக்கடையில் பேசிவிட்டார்கள்.

இப்போது மங்கத்தாய் தைலம் தேய்க்கிறாள். "இந்த வயசுல எதத் தூக்குனீக?" என்றாள். உரமூடை என்றேன். "உரம் வீட்டுலல்லா இருக்கு" என்றாள். தேய்க்கிற கை கொஞ்சம் மெதுவானது.

கார்த்திகை 12

டீக்கடையில் அவர் கை நீட்டினார். கிளாஸை நான் எடுத்து அதில் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான்.

மார்கழி 4

அவர் கம்பு என் சோளத்தைவிடச் செழிப்பாக நிற்கிறது. கண் தெரியாமல் களையெடுத்த காடு. நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எடுத்த காட்டில் புல் நிற்கிறது. இதற்கு என்ன சொல்வது? எங்கேயாவது ஒரு இடத்தில் இந்த மனிதர் தோற்க வேண்டாமா?

தை 9

அறுப்பு முடிந்தது. இரண்டு பேருமாகக் கல்லைப் பழைய இடத்தில் நட்டோம். இடம் பார்த்துச் சொன்னது அவர்தான், காலால் தடவி. நான் கை வைத்த இடத்தை ஒரு முழம் தப்பு என்றார். அளந்து பார்த்தேன். தப்புதான்.

தை 11

கம்பு ஒரு மூடை கொடுத்துவிட்டார், என் மண்ணில் விளைந்தது என்று. மங்கத்தாய் அதில் சோறு பொங்கிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ரொம்ப ருசி. மூன்று தடவை போட்டுக்கொண்டேன். அதுதான் எரிச்சல்.

சித்திரை 5

புது டைரி. இதுவும் உரக்கடை கொடுத்ததுதான்.

இன்று பொன்னேர். நான் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். மங்கத்தாய் வெளுத்த வேட்டியை எடுத்து வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க" என்றாள். கனகராஜ் பட்டுச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு முன்னால் நின்றான்.

சவுந்தரராஜ் கேட்டார்: "பெரியப்பா, சாட்டக்கம்ப யாருட்டக் குடுக்கீக?"

அவர் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இந்த வருசமும் நானே ஓட்டுதேன். அடுத்த வருசத்த அடுத்த வருசம் பாப்போம். ஆனா மயில இந்தக் கூட்டத்தக் கண்டதில்ல, மெரளும். பிடிகயித்தப் பிடிச்சு முன்னால நடக்க ஒரு ஆள் வேணும்."

"யாரு நடக்க?"

"போன ஐப்பசியில எல்ல தெரியாமப் புகார் சொன்னாமுல்லா, அவன் நடக்கட்டும்."

ஊர் சிரித்தது. தண்டனை என்று நினைத்துக்கொண்டது. நானும் தண்டனை வாங்கிய முகத்தை வைத்துக்கொண்டு போய்க் கயிற்றைப் பிடித்தேன். பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னார்: "எதுத்தாப்புல ஒரு ஒத்தப் பன நிக்கும். இருக்கா?"

"இருக்கு."

"அதையே பாத்து நட. திரும்பாத."

நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மண் பிளக்கிற சத்தம், மாட்டு மூச்சு, அதற்குப் பின்னால் அவர் மூச்சு. ஒரு எட்டு நான் கோணினால் அவர் பேர் கோணிவிடும். இத்தனை வருடம் அவர் பேர் எங்கேயாவது கோணாதா என்று கிடந்தவன் நான். பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டின பல்லைத்தான், பனையை மட்டும் பார்த்து நடந்தேன்.

கடைசியில் நின்றபோது குலவைச் சத்தம் கேட்டது. "எம்பத்து நாலு வயசுல என்னா நேரு!" என்கிறான் ஒருவன். "பெரியவரு கண்ணு இன்னும் கழுகுக் கண்ணுதாம்ப்பா" என்கிறார் சவுந்தரராஜ்.

கூட்டம் வந்து சேர்வதற்குள் அவர் என் பக்கம் குனிந்து கேட்டார்: "எப்படிடே விழுந்திருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். அந்தக் கோடியிலிருந்து என் காலடி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி கிடந்தது. கொஞ்சம் கோணல் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"நேராத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப நீ நேரா நடந்திருக்க" என்றார். அந்தப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

அதற்குள் ஊர் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. மாலை அவருக்கு. சந்தனம் அவருக்கு. நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். முதல் சாலில் முதல் காலடி என்னுடையது. அது எனக்கும் அவருக்கும் மயிலைக்கும் மட்டும்தான் தெரியும்.

வாழ்நாள் முழுக்க அவர் முதுகைப் பார்த்தே நடந்தவன் நான். இன்று ஒரு சால் நீளத்துக்கு, என் முதுகு அவருக்கு முன்னால் போனது. அதைப் பார்க்க அவருக்குக் கண் இல்லை. அதுவும் என் வயிற்றை எரிக்கிறது.